தாத்தாவின் ஹெரால்டும் ஒன்பது கோடி ஹைப்ரிடும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருமயத்துலேருந்து உள்ளே போகணும், சின்ன கிராமம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம், உண்ட மயக்கத்துல கொட்டகைல கட்டிலைப் போட்டு சாஞ்சிருந்தேன். பக்கத்துல அத்தை பையன். மெக்கானிக்கல் செகண்ட் இயர். மொபைல்ல லம்போர்கினி ரெவுவெல்டோ வீடியோவை வாயைப் பொளந்து பாத்துட்டிருந்தவன் திடீர்னு திரும்பிக் கேட்டான்.

"மச்சான், ஒண்ணுதான் கிடைக்கும்னா எதை எடுப்பீங்க? அந்தக் காலத்து மியூராவா, இந்த ரெவுவெல்டோவா?"

ஒண்ணுக்குமே வழியில்லாதவன்கிட்ட கேக்குற கேள்வியா இது :-)

ஆனா கேள்வி கேட்டவனுக்குப் பின்னாடி, தார்ப்பாய் போத்தி நின்னுக்கிட்டிருந்தது எங்க தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1967 மாடல், ரெண்டு கதவு. அன்னைக்குக் காலைலதான் அப்பா சொல்லியிருந்தார். "மாசிக்குள்ள இதுக்கு ஒரு முடிவு சொல்லுப்பா. பழைய இரும்புக்காரர் இருபத்திரெண்டாயிரம் தர்றேங்கறார். டிராக்டர் நிறுத்த இடம் வேணும்." அதனால அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வியா இருந்தாலும், எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. பழசா புதுசா? எதை வச்சுக்கறது? வச்சுக்கறதுன்னா என்ன அர்த்தம்?

சென்னை திரும்பினதுலேருந்து ஆணி அதிகம். இருந்தாலும் ராத்திரில கொஞ்சம் கொஞ்சமா படிச்சு யோசிச்சதை இங்க கொட்டி வைக்கறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

எல்லாம் என் வயசுப் பசங்க

சூப்பர் கார்ங்கற வார்த்தையை உலகம் பூரா பழக்கப்படுத்தின வண்டின்னா அது லம்போர்கினி மியூராதான். 1965-ல டூரின் கண்காட்சியில வெறும் சேஸியை மட்டும் கொண்டுவந்து வச்சாங்க. மேல பாடி கிடையாது. அதுக்கே ஜனங்க கூட்டம் கூடி நின்னாங்க. 1966-ல ஜெனீவாவுல முழு வண்டி வந்துது. நாலு லிட்டர் வி12 இன்ஜினை குறுக்குவாட்டுல, டிரைவர் முதுகுக்குப் பின்னாடி படுக்க வச்சிருந்தாங்க. சுமாரா 350 குதிரை சக்தி. 1973 வரைக்கும் ஏறக்குறைய 760 வண்டி பண்ணியிருக்காங்க, அவ்ளோதான்.

இதுல என்னை ரொம்பத் தொட்ட விஷயம் வேற. இதைச் செஞ்ச இன்ஜினியர் ஜான்பாவ்லோ தல்லாரா 1936-ல பொறந்தவர். கூட வேலை பாத்த பாவ்லோ ஸ்டான்சானியும் அதே வருஷம். வெளித்தோற்றத்தை வரைஞ்ச மார்செல்லோ காந்தினி 1938. அதாவது மியூராவைச் செய்யும்போது எல்லாருக்கும் முப்பது தொடாத வயசு. முதலாளி ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் வித்து சம்பாதிச்சவர். அவருக்கு இதுல முதல்ல பெரிய நாட்டம் இல்லை. பசங்க வேலை நேரம் போக மிச்ச நேரத்துல உக்காந்து யோசிச்ச வண்டி இது. நான் அந்த வயசுல என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்னு கேக்காதீங்க. அவ்வ்வ்.

அதுக்கப்புறம் வந்த வரிசை உங்களுக்கே தெரியும். 1974-லேருந்து கவுன்டாக். 1987-ல ஃபெராரி எஃப்40. ரேடியோ கிடையாது, கதவை உள்ளேருந்து திறக்க கைப்பிடிக்குப் பதிலா ஒரு கயிறு. 1992-ல கார்டன் மர்ரே வடிவமைச்ச மெக்லாரன் எஃப்1. டிரைவர் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர். 1998-ல மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் தொட்டது. மொத்தமே 106 வண்டி.

இப்ப நம்ம கொட்டகைக்கு வருவோம். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் சுமாரா நாப்பது குதிரை. மியூராவோட சேத்துப் பேசுறதே பாவம்னு நினைப்பீங்க. ஆனா ஒரு சொந்தம் இருக்கு. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டை (1959) வரைஞ்சவர் ஜொவான்னி மிக்கெலோட்டி. இத்தாலிக்காரர். 1950-களின் ஆரம்பத்துல விஞ்ஞாலே பட்டறைக்காக வரிசையா ஃபெராரிகளுக்கு உடம்பு வரைஞ்சு கொடுத்த அதே கை. அந்தக் கை வரைஞ்ச காரைத்தான் 1961-லேருந்து வண்டலூர் பக்கத்துல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செஞ்சு வித்தாங்க. எங்க தாத்தா நெல்லு மில்லுக்குப் போய்ட்டு வந்த வண்டிக்கு ஃபெராரி ஒண்ணுவிட்ட பங்காளி! இதை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அப்ப இருபத்தஞ்சாயிரம் கேட்டுப் பாக்கவா?"ன்னார்.

ஹைப்ரிட் புதுசில்ல

2013-ல மூணு வண்டி ஒண்ணா வந்துது. ஃபெராரி லாஃபெராரி, மெக்லாரன் பி1, போர்ஷே 918 ஸ்பைடர். மூணுலயும் பெட்ரோல் இன்ஜினோட மின்மோட்டாரும் உண்டு. லாஃபெராரில 6.3 லிட்டர் வி12-ஓட மின்மோட்டாரும் சேர்ந்து 963 குதிரை. பி1 மொத்தம் 375 வண்டி. 918 பேருக்கேத்த மாதிரி 918 வண்டி. அந்த 918, ஜெர்மனியில நுர்பர்க்ரிங்னு இருபது கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள வளைவுப் பாதையை 6 நிமிஷம் 57 வினாடில சுத்தி வந்துது. அதே வண்டி பெட்ரோல் ஒரு சொட்டு எரிக்காம பேட்டரில மட்டும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் சத்தமில்லாமப் போகும்.

மோட்டார் எதுக்குன்னா, மிச்சம் பிடிக்கறதுக்கு மட்டும் இல்லை. பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏறினாத்தான் முழு இழுவை காட்டும். டர்போ இருந்தா அது சுத்தி மூச்சு பிடிக்கறதுக்குள்ள ஒரு சின்ன தாமதம். மின்மோட்டார் நின்ன இடத்துலேயே முழு இழுவை கொடுக்கும். அந்த ஓட்டையை மோட்டார் அடைக்குது. பிரேக் போடும்போது வீணாப் போற சக்தியையும் திருப்பி பேட்டரிக்குள்ள தள்ளும். 2009-ல ஃபார்முலா ஒன்ல கொண்டுவந்த விஷயம், நாலு வருஷத்துல ரோட்டுக்கு வந்துடுச்சு.

இப்ப அது சகஜமாயிடுச்சு. மச்சான் பாத்த ரெவுவெல்டோ 2023-ல வந்தது. 6.5 லிட்டர் வி12, மூணு மின்மோட்டார், 1,015 குதிரை. அந்த வருஷம் டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தப்ப ஷோரூம் விலை 8 கோடியே 89 லட்சம்.

ஆனா ஹைப்ரிடை 2013-ல யாரும் கண்டுபிடிக்கலை. 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே (ஆமா, அதே போர்ஷே) ஒரு வண்டி செஞ்சார். ரெண்டு சின்ன பெட்ரோல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுத்தும், அந்தக் கரண்ட்ல சக்கரத்துக்குள்ளயே இருக்குற மோட்டார் ஓடும். செம்பர் விவஸ்னு பேரு. அப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயசு. (மறுபடியும் வயசு. அழுதுடுவேன்.)

போர்ஷே பொறந்தது 1875. அதே 1875-ல பொறந்த இன்னொருத்தர் எங்க புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1915-ல ஆஸ்திரேலியாவுல மாலி ஃபிங்க்னு ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணி, பிரிட்டிஷ் சர்க்கார் அந்தக் கல்யாணத்தை ஒத்துக்காம, கடைசியில ஊரை விட்டே போய் 1928-ல பாரிஸ்ல செத்துப்போனவர். அந்தக் கதை பெரிய கதை, இன்னொரு நாள். இப்ப அவரை இழுத்ததுக்குக் காரணம், அவர் ராஜாவா இருந்த காலத்துலதான் எங்க ரோட்டுக்கு மோட்டார் வந்தது.

தஞ்சாவூர் – புதுக்கோட்டை ரோட்டில்

1911-12 வாக்குல டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பிக்கறார். தொடக்க காலத்துல அவர் பஸ் ஓடின தடங்கள்ல ஒண்ணு தஞ்சாவூர் – புதுக்கோட்டை. டி.வி.எஸ்.ங்கற மூணு எழுத்தோட வரலாறு எங்க செம்மண்ணுலயும் கொஞ்சம் உருண்டிருக்கு. அறுபது கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா அன்னைக்கு அந்த ரோடு மாட்டு வண்டிகளோட ரோடு. மாட்டு லாடத்துலேருந்து கழண்ட ஆணிங்க கிடந்து டயரைக் குத்தும். அதுக்காகவே காந்தம் கட்டின வண்டியை ரோட்டுல ஓட்டி ஆணியெல்லாம் பொறுக்க வச்சார்னு ஒரு கதை இன்னைக்கும் சொல்றாங்க. பொட்டி தட்டுற நாமெல்லாம் "ஆணி புடுங்கறோம்"னு சலிச்சுக்கறோமே, அந்தத் தொழிலுக்கு உண்மையான முன்னோடி இவர்தான் போல.

சரி, ஜோக் போதும். முக்கியமான விஷயம் இனிமேதான்.

1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். பர்மா எண்ணெய் போச்சு. இருக்குற பெட்ரோல் யுத்தத்துக்கு. ஜனங்களுக்கு ரேஷன். பஸ் எப்படி ஓடும்? அப்பதான் கரி கேஸ் வந்தது. டி.வி.எஸ். தாங்களே கேஸ் பிளான்ட் செஞ்சாங்க. பஸ்ஸோட ஒரு உருளை அடுப்பு. அதுல அடுப்புக்கரியைப் போட்டு, முழுசா எரிய விடாம அளவாக் காத்து விட்டா கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிர வச்சு, சாம்பல் போக வடிகட்டி, இன்ஜினுக்கு அனுப்பணும்.

கேக்க சுலபம். ஆனா அந்த வாயுல பாதிக்கு மேல எரியாத நைட்ரஜன்தான். இன்ஜின் பலத்துல மூணுல ஒரு பங்காவது போயிடும். மேடு வந்தா திணறும். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஊதி ஊதி கரியைக் கனிய வைக்கணும். கொஞ்சம் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் கேஸுக்கு மாத்தறதும் உண்டு. வழியில நிறுத்திக் கம்பியால கிளறணும், சாம்பல் தட்டணும். மூடின கொட்டகைக்குள்ள பத்த வச்சா ஆளையே கொன்னுடும்.

இதை வேற மாதிரி சொல்லிப் பாருங்க. ஒரே வண்டி, ரெண்டு விதமான சக்தி. நிலைமைக்குத் தக்க மாத்தி ஓட்டுறது. 1940-கள்ல நம்ம ஊர் டிரைவருங்க ஒரு மாதிரி ஹைப்ரிட்டைத்தான் ஓட்டியிருக்காங்க! எங்க அப்பத்தா சின்னப் பொண்ணா இருந்தப்ப கரி பஸ்ஸைப் பாத்திருக்காங்க. "பின்னாடி ஒருத்தன் அடுப்பு ஊதிக்கிட்டே வருவான், சமையக்கட்டு ரோட்டுல போற மாதிரி இருக்கும்"னு சொல்லுவாங்க.

இந்த ரெண்டு ஹைப்ரிட்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. கரி பஸ் மோசமான வண்டி. ஆனா அதுல எது கெட்டாலும் பட்டறைக்காரருக்குப் புரியும். தகரம், கரி, குழாய், வடிகட்டி. அறந்தாங்கில நின்னாலும் அறந்தாங்கிலயே சரி பண்ணலாம். 918 அற்புதமான வண்டி. ஆனா அதுல எது கெட்டாலும் கம்பெனி ஆளு கம்ப்யூட்டரோட வரணும்.

வச்சுக்கறதுன்னா என்ன?

உடனே "பழசுதான் தங்கம்"னு கொசுவத்தி சுத்தப் போறேன்னு நினைச்சுடாதீங்க. பழைய சூப்பர் காரை வச்சுக்கறது ஒண்ணும் சொர்க்கமில்லை. மியூரால ரேஸ் கார்புரேட்டர் போட்டதால டிராஃபிக்ல நிக்கும்போது பெட்ரோல் வழிஞ்சு தீப்பிடிச்ச வண்டிங்க உண்டு. எஃப்40-ல பெட்ரோல் டேங்க் ரப்பர் பை மாதிரி, காலக்கெடு வச்சு மாத்தியே ஆகணும். சில ஃபெராரிகள்ல டைமிங் பெல்ட் மாத்த இன்ஜினையே வெளியில இறக்கணும். ஏ.பி.எஸ். இல்லை, ஏர்பேக் இல்லை. மழைல தப்பா மிதிச்சா கதை முடிஞ்சுது. வேகம், பாதுகாப்பு, பிரேக், புகை எதுல பாத்தாலும் புது ஹைப்ரிட்தான் பல மடங்கு மேல. அதுல வாதமே இல்லை.

அதுவுமில்லாம, ரொம்பப் பழசாயிட்டா அது வண்டியே இல்லை, பத்திரம். 36 மட்டுமே செஞ்ச ஃபெராரி 250 ஜி.டி.ஓ.ல ஒண்ணு 2018-ல 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அதை எடுத்துட்டுப் போய் கடைல தக்காளியா வாங்க முடியும்?

நம்ம நாட்டுலயும் இந்தக் கதை உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930-கள்ல அமெரிக்காவுலேருந்து ட்யூசன்பெர்க் எஸ்.ஜே. சேஸி வாங்கி, லண்டன்ல கர்னி நட்டிங் பட்டறைல பாடி கட்டினார். சூப்பர்சார்ஜர் வச்ச 6.9 லிட்டர், எட்டு சிலிண்டர், கம்பெனி சொன்ன கணக்கு 320 குதிரை. அன்னைக்கு அதுதான் ஹைப்பர் கார். கடைசியில அது அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிடுச்சு. பணமிருந்தவங்க வாங்கினாங்க, காலம் மாறினதும் வித்தாங்க.

சரி, கம்ப்யூட்டர் வந்ததுதான் பிரச்சினையா? ஹைப்ரிட்தான் பிரச்சினையா? இங்கதான் மெக்லாரன் எஃப்1 எனக்குப் பாடம் எடுத்துச்சு. அது பேட்டரி மோட்டார் எதுவுமில்லாத சுத்தமான பெட்ரோல் வண்டி. ஆனா அதைச் சர்வீஸ் பண்ண 1990-களோட காம்பேக் எல்.டி.ஈ. 5280 லேப்டாப்தான் வேண்டியிருந்தது. அதுக்குன்னே செஞ்ச ஒரு கார்டு அந்த லேப்டாப்லதான் வேலை செஞ்சுது. 2016-ல இந்தச் செய்தி வெளிய வந்தப்ப உலகமே சிரிச்சது. கோடி டாலர் காருக்காக கம்பெனிக்காரங்க பழைய லேப்டாப் தேடி அலைஞ்சுக்கிட்டிருந்தாங்க!

நான் சிரிக்கலை. ஏன்னா எங்க ஆபீஸ்ல "இந்த வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் கிடையாது"னு வாடிக்கையாளருக்குப் போற மெயிலை டிராஃப்ட் பண்றதே நான்தான். அஞ்சு வருஷம் பழசான சாஃப்ட்வேரை நாங்க பாட்டன் காலத்துதுன்னு சொல்லுவோம். அதே கையால எழுதின கோடு ஒரு காருக்குள்ள உக்காந்தா, அந்தக் கார் அம்பது வருஷம் கழிச்சு என்ன ஆகும்? லித்தியம் பேட்டரியோ ஓட்டினாலும் கிழடாகும், ஓட்டாம வச்சாலும் கிழடாகும். அந்த அளவுல, அந்த வடிவத்துல செல் கிடைக்கலைன்னா? கிடைச்சாலும் புது பேட்டரியை வண்டியோட கம்ப்யூட்டர் ஏத்துக்கலைன்னா?

கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியாம இல்லை. 2024-ல புகாட்டி டூர்பியோன்னு ஒரு ஹைப்ரிட் அறிவிச்சாங்க. 1,800 குதிரை, 250 வண்டி. அதுல டிரைவர் முன்னாடி இருக்குற மீட்டர், திரை இல்லை. ஸ்விஸ் கடிகாரக்காரங்க செஞ்ச முள்ளும் பல்சக்கரமும், அறுநூறுக்கும் மேல பாகம். திரை சீக்கிரம் பழசாயிடும், கடிகாரம் ஆகாதுங்கறதுதான் யோசனை. உலகத்துலேயே நவீனமான காரைச் செய்யறவங்களே, நூறு வருஷம் நிக்கணும்னு நினைச்ச இடத்துல சாஃப்ட்வேரை நம்பலை. என் தொழிலுக்கு இதைவிட நாசூக்கா யாரும் கன்னத்துல அறைஞ்சதில்லை.

என் ஸ்கூட்டரும் தாத்தா காரும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். நல்ல வண்டி, சத்தமில்லை, செலவில்லை. போன ஆடியில ராத்திரி அப்டேட் வந்துது, காலைல திரை கறுப்பு. வண்டி நகரலை. சர்வீஸ்ல போர்டு வரணும்னாங்க. நாப்பத்தேழு நாள். மோட்டார் நல்லாருக்கு, பேட்டரி நல்லாருக்கு, சக்கரம் நல்லாருக்கு. ஆனா யாராலயும் தொட முடியாது. தெரு முக்கு மெக்கானிக் அண்ணன் கையை விரிச்சுட்டார். "தம்பி, இதுல எனக்கு என்ன வேலை இருக்கு? பூட்டிக் கொடுத்திருக்காங்க"ன்னார்.

அந்த ஞாபகத்தோடதான் காணும் பொங்கல் மறுநாள் ஹெரால்டைப் புதுக்கோட்டைக்கு டோ பண்ணி இழுத்துட்டுப் போனேன். மச்சான் ஸ்டீயரிங்ல. தாத்தாவுக்குப் பழக்கமான பட்டறை. பெரியவர் இப்ப இல்லை, அவர் மகன் நடத்துறார். ஹெரால்ட் பானெட்டு முழுசா மட்கார்டோட முன்பக்கமாச் சாயும். சாச்சா, இன்ஜின் பக்கத்துலயே டயர் மேல உக்காந்து வேலை பாக்கலாம். அண்ணன் அப்படியே உக்காந்தார். வாட்டர் பம்ப் ஷாஃப்ட் தேஞ்சிருக்கு. புதுசு எங்க கிடைக்கும்னு மொபைலை எடுத்தேன். அவர் என்னைப் பரிதாபமாப் பாத்துட்டு, பக்கத்து லேத்துக்குப் பையனை அனுப்பினார். சாயங்காலத்துக்குள்ள ஷாஃப்ட் கடைஞ்சு வந்துடுச்சு. பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்தச் சொன்னார். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரைத் தின்னுடுமாம். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி மாட்டினார். ஆறு வருஷமா நின்ன வண்டி, ஏழாவது செல்ஃப்ல இருமிச்சு, பத்தாவதுல பிடிச்சுது. மச்சான் விசில் அடிச்சான்.

இந்த வண்டியைச் செஞ்ச கம்பெனி 1980-களோட கடைசியிலேயே உற்பத்தியை நிறுத்திடுச்சு. நான் பொறக்கறதுக்கே முன்னாடி. கேக்க கஸ்டமர் கேர் இல்லை, போர்டு இல்லை, ஒண்ணுமில்லை. இருந்தும் ஓடுது. என் ஸ்கூட்டர் கம்பெனி உயிரோட, நல்லா விளம்பரம் கொடுத்துக்கிட்டு இருக்கு. வண்டிதான் செத்துக் கிடந்தது.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. ஒரு வண்டி நம்மளுதுன்னா, ஆர்.சி. புக்ல நம்ம பேர் இருக்குன்னு அர்த்தமில்லை. அது நின்னா, ஒரு பஸ் தூரத்துக்குள்ள அதை எழுப்பத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கணும், அவரை யாரும் பூட்டுப் போட்டுத் தடுக்கக்கூடாது. அப்பதான் அது நம்மளுது. இந்தக் கணக்குல பெட்ரோலா பேட்டரியாங்கறதே இல்லை. எஃப்1 பெட்ரோல் வண்டி, ஆனா லேப்டாப்புக்கு அடிமையா இருந்தது. கரி பஸ் ரெண்டு சக்தி வண்டி, ஆனா ஊர்க்காரங்க கைல இருந்தது. நாளைக்கே ஒரு ஹைப்ரிட்டோட பேட்டரியும் கோடும் வெளியாள் தொடற மாதிரி வந்துச்சுன்னா, மியூராவைவிட அதுக்குத்தான் என் ஓட்டு.

மச்சானோட கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கு. நம்மகிட்ட கோடி இருந்தாலும் மியூராவை நேர் வழில இங்க கொண்டுவர்றது ரொம்ப காலமா கஷ்டமா இருந்தது. பழைய கார் இறக்குமதிக்கு மூணு வயசுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா விண்டேஜா இருக்கணும், அதுக்கு ரொம்ப காலமா 1950-க்கு முன்னாடி செஞ்சதுங்கறதுதான் கோடா இருந்தது. மியூரா, கவுன்டாக், எஃப்40 எல்லாம் அப்ப ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டிருந்த பிள்ளைங்க. நம்ம மண்ணுல கிளாசிக் வேணும்னா, இங்கயே பொறந்து இங்கயே கிழடானதைக் காப்பாத்தறதுதான் வழியா இருந்தது.

அதுலயும் ஒரு சிக்கல். 2021-ல வந்த விதிப்படி அம்பது வயசு தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாம், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு தனி அடையாளம். ஹெரால்டுக்குத் தகுதி இருக்கு. ஆனா அப்படி வாங்கினா தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும். மரியாதை கொடுத்து மூலைல உக்கார வைக்கறது. சாதாரண ஆர்.சி.யாவே வச்சுக்கலாம்னா, மறுபதிவுக் கட்டணம் 2022-ல 600-லேருந்து 5,000 ஆச்சு, 2025-ல இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000. அப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். பட்டறை பில்லு, டயர், பெயின்ட் எல்லாம் சேத்து அறுபதாயிரத்துக்கு மேல வரும். "இருபத்திரெண்டாயிரம் வர்ற இடத்துல அறுபதாயிரம் செலவழிக்கறியே, இதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?"

பதில் சொல்லலை. சாயங்காலம் அப்பத்தாவை முன் சீட்ல உக்கார வச்சு, பின் சீட்ல அப்பாவும் மச்சானும், திருமயம் கோட்டை வரைக்கும் போய்ட்டு வந்தோம். நாப்பது கிலோமீட்டர் வேகம். ஜன்னல் வழியா மண் வாசனையும் பெட்ரோல் வாசனையும். அப்பத்தா வழி முழுக்கப் பேசவே இல்லை. இறங்கும்போது டேஷ்போர்டைத் தடவிட்டு, "ஆளில்லாம வண்டி மட்டும் எப்படிடா ஓடுது"ன்னாங்க.

திரும்பிப் பாத்தேன். அப்பா கொட்டகைக்குப் போய் டிராக்டருக்கு வேற பக்கம் அளவு எடுத்துக்கிட்டிருந்தார்.

டிஸ்கி 1: உங்க வீட்டுலயும் தார்ப்பாய்க்கு அடியில ஏதாவது ஹெரால்டோ, பத்மினியோ, அம்பாசடரோ தூங்கிட்டிருந்தா, எந்த ஊர்ல எந்தப் பட்டறைல எந்தப் பாகம் கடையறாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு பின் பக்க ஸ்பிரிங் புஷ் வேணும்.

டிஸ்கி 2: மச்சான் இன்னும் ரெவுவெல்டோ கட்சிதான். ஆனா லீவுல பட்டறைக்குப் போய் வேலை கத்துக்கறானாம். அது போதும்.